மூன்றாவதுக்குச் சுகப்பிரியா, கடைசிக்கு அமலா

அமலா டீம் போடுவாள். கிரிக்கெட்டுக்கு இல்லை, கிரிக்கெட்டுக்கு டீம் போடாத ஆள் எங்கள் கம்பெனி பஸ்ஸில் யாரும் கிடையாது, டிரைவர் அண்ணன் உட்பட. அமலா போடுவது ரிலே டீம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் ஓடிய பெண்களை எல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்தி, அதில் நாலு பேரைப் பொறுக்கி, ஆளுக்கு நூறு மீட்டர் பிரித்துக் கொடுத்து, எங்கேயும் நடக்காத ஒரு பந்தயத்தில் ஓட விடுவாள். பிள்ளைப்பாக்கத்தில் ஏறினால் ஒரகடத்தில் இறங்கும்வரை இதே வேலைதான்.

அந்த டீமுக்குச் சட்டதிட்டம் உண்டு. எந்தப் பள்ளி, எந்த வருஷம் என்பது கிடையாது, ஆனால் ஓடியதை அமலா தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவரவருடைய நல்ல நாளில் ஓடிய ஓட்டத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிநேகிதி, சொந்தக்காரி, ஐயோ பாவம் என்பதற்கெல்லாம் இடமே இல்லை. முதலில் மாத்தூர் ஐஸ்வர்யா. விசில் சத்தம் மற்றவர்கள் காதில் விழுவதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். இரண்டாவது வல்லம் பொற்கொடி, வளைவில்லாத நீட்டுக்கு ஓடுவதற்கென்றே பிறந்த கால். மூன்றாவதுக்குச் சுகப்பிரியா, வளைவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கடைசிக்கு அமலா. தன்னையே போட்டுக்கொள்கிறாளே என்று யாராவது கேட்டால் அவள் கூச்சப்படமாட்டாள். "வேற யாருன்னு நீயே சொல்லு" என்பாள். சொல்ல முடியாது. அவளை ஜெயித்த ஆள் எங்கள் ஜோனல் போட்டிகளில் இல்லை.

ஐஸ்வர்யா இப்போது அரக்கோணத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறாள். பொற்கொடி காஞ்சிபுரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஓட்டம் என்பது எங்கள் எல்லோருக்கும் பிளஸ் டூவோடு முடிந்துபோன சங்கதி. அதற்கு மேல் எங்களை ஓடச் சொல்ல ஆள் இல்லை, கம்பெனிக்கு வரச் சொல்லத்தான் ஆள் இருந்தது. வேன் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே வந்தார்கள். ஆனால் அமலாவின் டீமில் எங்களுக்கு வயது ஏறவே ஏறாது. அதனாலேயே பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்துச் சீட்டுக்கு எப்போதும் போட்டி.

நான் அந்த டீமில் எக்ஸ்ட்ரா. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. என் பெயர் ஷாலின். ஸ்ரீபெரும்புதூரில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் படித்தவள், எங்கள் பள்ளி டீமில் கடைசி ஓட்டம் எனக்குத்தான். வருஷா வருஷம் அமலாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டியவள். பிறகு இருவரும் ஒரே கம்பெனியில் சேர்ந்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கும் அளவுக்கு நெருக்கமான பிறகும் அவள் என்னை உள்ளே எடுக்கவில்லை.

"என்ன மட்டும் ஏன்டி வெளியவே குந்த வெச்சிகினு கீற?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நீ நல்லாத்தான் ஓடுவ. ஆனா கோவமா ஓடுவ. பக்கத்துல எவ வர்றான்னு பாத்துக்கினே ஓடுவ. அது ரிலேக்கு ஆவாது."

உண்மையைச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். இரண்டு ஸ்டாப் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.

ரிலே என்றால் வேகமாக ஓடுவது என்று வெளியாட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேகமாக ஓடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து அம்போவென்று தோற்றுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். கையிலிருக்கும் ஸ்டிக்கை அடுத்தவள் கைக்கு மாற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. வாங்குகிறவள் நின்றுகொண்டு வாங்கக் கூடாது, ஓட ஆரம்பித்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கவும் கூடாது, பார்த்தால் வேகம் செத்துவிடும். பின்னால் வருகிறவள் குரல் கொடுப்பாள். குரல் கேட்டால் கை பின்னால் போக வேண்டும், கண் முன்னால் இருக்க வேண்டும். எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் "ஸ்டிக்" என்றுதான் கத்துவார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேர் கத்தினால் எது நம் ஆள் என்று எப்படித் தெரியும்? பிள்ளைப்பாக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜீவானந்தம் சார் அதைப் பார்த்துவிட்டு, நீங்களே ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். சுகப்பிரியாவும் அமலாவும் வைத்துக்கொண்ட வார்த்தை "இந்தா."

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொடுக்கிறவள் கை நெருங்கிய பிறகு கூப்பிட்டால் லேட். காதில் விழுந்து கை பின்னால் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும் இல்லையா? அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே கூப்பிட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது சுகப்பிரியாவுக்கு அத்துப்படி. அமலா ஒருமுறைகூட அவள் கூப்பிடுவதற்கு முன் கையை நீட்டியதில்லை. அவள் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான். வாங்கிய மெடலைக்கூட எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

இந்த இரண்டு பேரையும் கம்பெனி ஒரே பிரஸ்ஸில் போட்டது. வேண்டுமென்று இல்லை, வருகிற வரிசையில் அப்படி விழுந்தது. கார் சீட்டுக்கு அடியில் போகும் இரும்புப் பட்டை அடிக்கிற மிஷின். முன்பக்கம் சுகப்பிரியா. தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்துவாள். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும், அவள் கைக்கு ஆபத்து கிடையாது. பின்பக்கம் அமலா. அச்சு மேலே போனதும் அடித்த பட்டையை எடுத்து, திரும்பி டிராலியில் அடுக்க வேண்டும். அவள் கைக்குப் பட்டன் இல்லை. அதற்குப் பதிலாக அந்தப் பக்கம் ஒரு சென்சார் வைத்திருந்தார்கள், கை குறுக்கே போனால் மிஷின் நின்றுவிடும். ஆனால் அது தூசி பட்டாலும் நின்றது, ஈ பறந்தாலும் நின்றது. நின்று நின்று எண்ணிக்கை குறைகிறதென்று யாரோ அதை ஆஃப் பண்ணி வைத்தார்கள். யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆஃபில் இருப்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

டிராலியைப் பார்த்து அடுக்கிக்கொண்டே இருப்பாள் அமலா. பின்னாலிருந்து "இந்தா" என்று வரும். அவளுடைய இடது கை தானாகப் பின்னால் போய்ப் பட்டையோடு திரும்பும். தலை திரும்பாது. பட்டைகளில் பிசிறு பார்ப்பது என் வேலை, பத்தடி தள்ளி என் மேஜை. அந்த இரைச்சலில், காதில் அடைப்பானோடு, எனக்கு ஒரு குரலும் கேட்காது. அவர்கள் இருவருக்கு மட்டும் எப்படியோ கேட்டது. பார்க்க அழகாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் பொறாமையோடு பார்த்ததை இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தேன்.

சூப்பர்வைசர் சக்திகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. வேறு லைனிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார். "பாருங்க, எப்டிப் பண்றாங்க பாருங்க" என்றார். அடுத்த மாதமே எல்லா லைனுக்கும் டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். கேன்டீனில் எல்லோரும் அமலாவையும் சுகப்பிரியாவையும் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அமலாவின் அம்மா ராஜாமணி பின்னால் சொன்னது இந்த நாட்களைத்தான். கண்ணும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அந்த வாரமே மிஷின் ஒரு தடவை அழுத்தியதற்கு இரண்டு தடவை இறங்கியது. சொன்னோம். மெயின்டனன்ஸில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பார்க்கவில்லை.

மதிய ஷிப்ட், டீ குடித்துவிட்டு வந்த பிறகு. நான் ஒரு பட்டையை லைட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடைப்பானைத் தாண்டி ஒரு அலறல் கேட்டது. அலறியது சுகப்பிரியா. அமலாவிடமிருந்து சத்தமே இல்லை. தன் கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே போன அச்சு யாரும் அழுத்தாமலே மறுபடி இறங்கியிருந்தது. இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள். நல்லவேளை, இடது கை. எழுதலாம், சாப்பிடலாம், கல்யாணத்துக்கும் பெரிய தடை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிலேயில் கடைசி ஆள் ஸ்டிக்கை வாங்குவது இடது கையில்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். கண்ணாடி ரூமில் சேஃப்டி ஆபீசர், எச்.ஆர். ஆள், சக்திகுமார். சுகப்பிரியாவைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்களாம். நீ சிக்னல் கொடுத்தாயா, கொடுக்கவில்லையா? மிஷின் ஏன் இரண்டாவது தடவை இறங்கியது, சென்சாரை யார் அணைத்தது என்று கேட்க அந்த ரூமில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சுகப்பிரியா, கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆப்பரேட்டர் அமலா, சிக்னல் வருவதற்கு முன்பே கவனக்குறைவாகக் கையை நீட்டிவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். எச்.ஆர். ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அமலாவிடம் அதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஷாலின், நா அப்டி நீட்டமாட்டனே."

"நீட்டலடி. அவ பொய் சொல்றா."

"அவ ஏன் பொய் சொல்லணும்? நெசமாவே கூப்டாம இருந்திருந்தா? எனக்கு கேட்டா மாதிரிதான் கீது. ஆனா தெனம் கேக்குறதுதானே, அன்னிக்குக் கேட்டுதா, முந்தா நாளு கேட்டுதான்னு தெரியலயே."

விரல் போனதைவிட இதுதான் அவளை அரித்தது. இதைப் புரிந்துகொள்ள அவள் வீட்டில் ஆள் இல்லை. அவள் அப்பா தாண்டவராயன் கம்பெனிக்காரனைத் திட்டினார், அம்மா சுகப்பிரியாவைத் திட்டினாள். அமலா யாரையும் திட்டவில்லை. கூப்பிடாமல் கையை நீட்டினோமா என்பதுதான் அவள் கேள்வி. நீட்டியிருந்தால், இத்தனை வருஷமாகத் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது பொய். அப்படி ஒருத்தி அவள் டீமில் இருக்கவே முடியாது. அவளுடைய சட்டம் அவளுக்கும் உண்டு.

காயம் ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் பக்கத்துச் சந்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். கையில் பூரிக்கட்டை.

"நீ பின்னாடி வா. கூப்டு. செல வாட்டி கூப்டாத. எப்ப கூப்டுவ எப்ப கூப்டமாட்டன்னு எனக்குத் தெரியக் கூடாது."

நான் பூரிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். அவள் முன்னால் ஓடினாள். "இந்தா" என்றேன். அந்தக் கை பின்னால் வந்தது. தழும்பு சிவந்திருந்தது, மிச்சமிருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்து நின்றன. என்னால் பூரிக்கட்டையை அதில் வைக்க முடியவில்லை. அடுத்த தடவை நான் கூப்பிடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வரைக்கும் போய்விட்டேன், கூப்பிடவில்லை. கை வரவில்லை. மறுபடியும். அப்போதும் வரவில்லை. சந்து முனையிலிருந்து பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். ராஜாமணி ஆன்ட்டி வாசலில் வந்து நின்றுகொண்டு, "பைத்தியம் புடிச்சிச்சாடி ரெண்டு பேருக்கும், சப்பாத்தி தேய்க்கணும், அத்தக் குடு" என்று சத்தம் போட்டாள்.

"பாத்தியா, நீட்டல" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னிக்கு நீட்டல" என்றாள் அமலா.

மறுபடி வேலைக்கு வந்தாள். ஸ்டோரில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். அதற்குள் சுகப்பிரியா நின்றுவிட்டிருந்தாள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஏதோ பேக்கிங் கம்பெனியில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. அமலாவைப் பார்க்க ஒருமுறைகூட வரவில்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை.

பஸ்ஸில் அமலா மறுபடி டீம் போட ஆரம்பித்தாள். நான் சந்தோஷப்பட்டேன், மூன்றாவது பெயர் வரும்வரை.

"அவ பேர எடுக்காத" என்றேன். "உன்ன நட்டாத்துல உட்டுட்டுப் போனவ."

"டீம்னா டீம்டி. அந்த வளைவுல அவளவிட ஓட ஒரு ஆளக் காட்டு, மாத்திடுறேன்."

காட்ட முடியவில்லை. ஆனால் முன்புபோல் பந்தயம் முடியவில்லை. சென்னைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முள்ளு ஷூ போட்டுக்கொண்டு ஒருபக்கம், நம் ஆட்கள் வெறுங்காலோடு ஒருபக்கம் என்று ஜோராக ஆரம்பிப்பாள். ஐஸ்வர்யா கிளம்புவாள். பொற்கொடி வாங்கிக்கொண்டு பறப்பாள். சுகப்பிரியா வளைவில் இரண்டு பேரைத் தாண்டி வெளியே வருவாள். அந்த இடத்தில் அமலா நிறுத்திவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

"அப்பறம்?" என்று ஒருநாள் நான் விடாமல் கேட்டேன்.

"தெரியலடி. அவ கூப்ட்டாளா இல்லையான்னு தெரியாம நா எப்டி ஓடறது?"

அன்றைக்கு முடிவு பண்ணினேன், சுகப்பிரியாவைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வருவதென்று. சுங்குவார்சத்திரத்தில் அந்தக் கம்பெனி வேன் நிற்கும் இடத்தை விசாரித்து, ஷிப்ட் விடும் நேரத்துக்குப் போய் நின்றேன். வேனிலிருந்து இறங்கிய சுகப்பிரியாவை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வசவில் பாதி எனக்கு மறந்துபோயிற்று.

"திட்ட வரல. அவளும் உன்னத் திட்டமாட்டா. ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம். வந்து சொல்லிட்டுப் போ."

"நா எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றது?"

"இருக்குற மூஞ்ச வெச்சிகினு வா."

அவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அமலா வீட்டில் இருக்கும்போது, கையில் ஒரு பை ஆப்பிளோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். ராஜாமணி ஆன்ட்டி அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாண்டவராயன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். முன்னறையில் நாங்கள் மூன்று பேர். சுகப்பிரியா நாற்காலியில் உட்காரவில்லை, அமலாவுக்குப் பின்னால் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள், அந்தக் கையைப் பார்க்காமல் இருப்பதற்காக என்று நினைக்கிறேன்.

அமலா சுற்றி வளைக்கவில்லை. "கூப்ட்டியா?" என்றாள்.

சுகப்பிரியா கொஞ்ச நேரம் அழுதாள். நான் பேச வாயெடுத்தேன், அமலா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"கூப்ட்டேன்" என்றாள் சுகப்பிரியா. "எப்பவும் கூப்டுறா மாதிரிதான் கூப்ட்டேன். அது மேல போய்க்கினு இருந்துச்சு. நீ கைய கொண்டாரதுக்குள்ள மேல போயிடும், அந்தக் கணக்குதான். அது பாதில திரும்பி எறங்கிச்சு. நா பட்டன்ல கையே வெக்கல, அமலா. அம்மா மேல சத்தியமா வெக்கல."

"அப்ப நா முன்னாடி நீட்டல."

"நீட்டல."

"நீயும் தப்பாக் கூப்டல."

சுகப்பிரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, விசாரணைக்கு முன்னால் சக்திகுமார் தண்ணீர் டேங்க் பக்கம் கூட்டிப்போய்ப் பேசியதைச் சொன்னாள். கூப்பிட்டேன் என்று சொன்னால் பழி முழுக்க உன் மேல் வரும், போலீஸ் கேஸ்கூட ஆகும், அவளை எப்படியும் இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும் என்றாராம். அவள் வீட்டில் அப்பா படுத்த படுக்கை, சம்பாதிப்பது இவள் ஒருத்தி. "பயந்துட்டேன்" என்றாள். "உன் மூஞ்சப் பாக்க பயந்துக்கினு வேலைய உட்டே நின்னுட்டேன். இப்ப வேணாலும் வந்து எழுதிக் குடுக்குறேன், அமலா. எங்க வேணாலும் வரேன்."

"குடு" என்றாள் அமலா. "மிஷின் தானா எறங்கிச்சுன்னு எழுதிக் குடு. அடுத்து அங்க நிக்கிறவளுக்காவது உதவும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக இல்லாத ஒரு தெளிவு அதில் இருந்தது. ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள்போல் தோளைத் தளர்த்திக்கொண்டாள். "ரெண்டு பேருமே சரியாத்தான் பண்ணிகீறோம்" என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். சரியாகச் செய்ததற்கா மூன்று விரல் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது, இனி இவர்கள் இரண்டு பேரும் பழையபடி ஆகிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். அந்த நிமிஷம் மனசார நம்பினேன்.

"அப்ப அந்தப் பந்தயத்த முடிச்சிடு" என்றேன். "தெனம் பாதில நிறுத்தி என் உயிர வாங்குற. சுகா, நீயும் கேளு."

அமலா நேராக உட்கார்ந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். விசில். ஐஸ்வர்யா கிளம்பிவிட்டாள். சென்னைப் பிள்ளை ஒருத்தி முன்னால் போகிறாள், போகட்டும். பொற்கொடி வாங்கிவிட்டாள், நீட்டில் சமமாக வந்துவிட்டாள். சுகப்பிரியாவின் கைக்கு மாறியது. வளைவு. ஒருத்தியைத் தாண்டியாயிற்று. இன்னொருத்தியையும். நம் ஆள்தான் முன்னால். கடைசியில் அமலா நிற்கிறாள், ஓட ஆரம்பித்துவிட்டாள். சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் மூச்சு விட்டாள். நாங்கள் மூன்று பேரும் அந்த மைதானத்தில்தான் இருந்தோம். சுவரோரத்திலிருந்து, பின்னாலிருந்து, சுகப்பிரியா மெதுவாகக் கூப்பிட்டாள்.

"இந்தா."

அமலா சட்டென்று கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். இடது கை மடியில் இருந்தது, அதன் மேல் வலது கை அழுந்தப் பிடித்திருந்தது. அந்தப் பிடி அவளுக்கே தெரியாமல் விழுந்த பிடி.

உள்ளே சமையலறையில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. சுகப்பிரியா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அமலா அவள் தலையில் வலது கையை வைத்து ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

"நீ கீற டீம்ல" என்றாள். "தேர்டுக்கு நீதான், உன்னவிட்டா யாரு. லாஸ்ட்டுக்குத்தான் வேற ஆளப் பாக்கணும்."